வேர்வையும் வெளுப்பும்: சப்பிரகமுவத் தோட்டங்களின் உடை வரலாறு குறித்துச் சில சிந்தனைகள்

‘நாற்றம்’ என்னும் சொல் தமிழில் அடைந்த பொருள்மாற்றம் மாணவர் பலரும் அறிந்ததொன்று. பண்டை நூல்களில் மலரின் மணத்தையும் குறித்து நின்ற இச்சொல், காலப்போக்கில் தீய மணத்தை மட்டுமே சுட்டுவதாய்க் குறுகிற்று. மொழியியலார் இதனை இழிபொருட்பேறு என்பர். சொல்லுக்கு நேர்ந்த இவ்விழிவு மனிதர்க்கும் நேர்வதுண்டு. ஒரு தொழிலின் மணம் அத்தொழிலைச் செய்வோரின் மணமாகக் கருதப்பட்டு, பின்னர் அவர்தம் குணமாகவே கொள்ளப்படுவதை வரலாற்றில் பலவிடத்தும் காணலாம். சப்பிரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களிலுள்ள இறப்பர்த் தோட்டங்களில் வளரும் கட்டிளமைப் பருவத்துப் பிள்ளைகளின் உடையிலிருந்து எளிதிற் போகாத நாற்றம் இத்தகையதொரு வரலாற்றை உடையது. வீட்டுப் பெண்களின் அன்றாடக் கவலையாக மட்டும் எண்ணப்படும் இவ்விடயத்தை நீர், உழைப்பு, துணி, சாதி, பாடசாலை ஆகியவற்றின் வரலாறாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெளுத்தல் தமிழரிடையே மிகத் தொன்மையான கலை. புறநானூற்றின் 311ஆம் செய்யுள், களர்நிலத்திலே தோண்டப்பட்ட கிணற்றில் வெளுக்கப்பட்ட தூய உடையைப் பற்றிய செய்தியைத் தருகின்றது. கிணறு களர்நிலத்தில் தோண்டப்பட்டது என்பது ஈண்டு ஊன்றி நோக்கற்பாலது. களரிலும் உவரிலும் சோடியம் காபனேற்று முதலிய காரப்பொருள்கள் படிந்திருக்கும். துணியிற் படிந்த நெய்ப்பசையும் வேர்வையின் கொழுப்பமிலங்களும் வெறும் நீரிற் கரைவதில்லை. காரத்தோடு சேர்ந்தவிடத்தே அவை உப்பாக மாறி நீரோடு கழிகின்றன. சவர்க்காரம் அறியப்படாத காலத்துத் தமிழ்ச் சலவைத் தொழிலாளர் இவ்வுண்மையை அனுபவத்தால் அறிந்திருந்தனர். பிற்காலத்து வெள்ளாவி முறையும் இதன் வளர்ச்சியே. உவர்மண் கரைத்த நீரில் துணியைத் தோய்த்து, அடுக்கி, இரவு முழுவதும் ஆவியில் வேகவைத்து, மறுநாள் ஆற்றிலோ குளத்திலோ அலசி, வெயிலிற் காயவிடுவர். காரம், வெப்பம், ஓடுநீர், வெயில் என்னும் நான்கும் ஒருங்கே செயற்பட்டமையால், துணியின் அழுக்கோடு அதன் நாற்றமும் நீங்கிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி தொட்டு, தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த மக்கள் இந்த நான்கில் மூன்றை ஊரிலேயே விட்டு வந்தனர் எனலாம். அவர்களது ஊரில் உவர்மண் உண்டு. ஆண்டின் பெரும்பகுதி வெயில் உண்டு. ஊருக்கென வண்ணார் குடியும் வெள்ளாவிச் சாலும் உண்டு. சப்பிரகமுவ ஈரவலயத்தின் நெஞ்சம் போன்றது. இரத்தினபுரியின் சராசரி ஆண்டு மழைவீழ்ச்சி 3,500 மில்லிமீற்றருக்கும் மேற்பட்டது. எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பகுதிகளும் இதற்குக் குறைந்தனவல்ல. இவ்வளவு மழை பெய்யும் மண்ணில் உவர் தங்குவதில்லை. கரையக்கூடிய உப்பெல்லாம் ஆற்றோடு போய்விடும். நீருக்குக் குறைவில்லாத நாட்டில் வெளுப்புக்குரிய காரமும் வெயிலும் அரிதாயின.

வந்தவர்களின் உடையைப் பற்றிய ஐயம் வரும்வழியிலேயே தொடங்கியது. கொள்ளைநோய்களுக்கு அஞ்சிய இலங்கை அரசு மண்டபத்தில் முகாம் அமைத்து, தோட்டங்களுக்குச் செல்வோரைத் தடுத்துவைத்துச் சோதித்தது. அவர்தம் துணிகளும் கிருமிநீக்கம் செய்யப்பட்டன. 1914ஆம் ஆண்டு தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பற்சேவை தொடங்கியபின் இவ்வழியே பெருந்தொகையானோர் வந்தனர். நோய்த்தடுப்பு என்ற வகையில் இதற்கு நியாயம் உண்டு. எனினும் தொழிலாளரின் உடை அரசின் கண்ணில் முதன்முதல் ஓர் ஆபத்தாகவே தோன்றிற்று என்பதும் மறுக்கத்தக்கதன்று.

இனி இறப்பரின் வரலாற்றை நோக்குவோம். 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கியூ பூங்காவிற்குக் கொண்டுசென்ற விதைகளிலிருந்து முளைத்த கன்றுகள், அவ்வாண்டிலேயே கம்பகாவை அடுத்த எனரத்கொடைத் தாவரத் தோட்டத்தில் நடப்பட்டன. மூன்று தசாப்தங்களின் பின், மோட்டார் வாகனத்தின் பெருக்கத்தோடு இறப்பரின் விலை உயர்ந்தது. 1906ஆம் ஆண்டு பேராதனைப் பூங்காவில் இறப்பர்க் கண்காட்சியொன்று நடைபெற்றது. களனி வெளியின் எட்டியாந்தோட்டை, தெகியோவிற்ற, றுவான்வெல்லைப் பகுதிகளிலும், இரத்தினபுரி மாவட்டத்தின் எகலியகொடை, பெல்மதுளை, காவத்தைப் பகுதிகளிலும் இறப்பர் விரைந்து பரவியது. 1942இல் மலாயா யப்பானியர் வசமாகவே, நேசநாடுகளுக்கு இயற்கை இறப்பர் வழங்கும் முதன்மை நாடாக இலங்கை அமைந்தது. மரங்கள் அளவுகடந்து வெட்டப்பட்டுப் பால் எடுக்கப்பட்டது. 1952இல் சீனாவுடன் செய்யப்பட்ட இறப்பர்–அரிசி ஒப்பந்தம் நாட்டின் உணவுக்கே இப்பாலை ஆதாரமாக்கிற்று.

தேயிலைத் தோட்டத்து வேலையும் வேர்வை சிந்தும் வேலையே. ஆயினும் இறப்பர் வேலைக்கு அதன்பாற்பட்ட தனிமணம் ஒன்றுண்டு. பால்வெட்டும் தொழிலாளி விடியுமுன் மலையேறுகின்றார். மரத்தினுள் அழுக்கம் மிக்கிருக்கும் அவ்வேளையிலேதான் பால் நன்கு வடியும். சிரட்டைகளில் வடிந்த பாலை வாளியிற் சேர்த்து, நண்பகலை அண்டிய வேளையில் ஸ்டோருக்குச் சுமந்து வருவர். வழியிற் சிந்திய பால் சேலையிலும் சாரத்திலும் படியும். பாலில் இறப்பர் மட்டுமன்றிப் புரதமும் கொழுப்பும் சிறிதளவு வெல்லமும் உள்ளன. பற்றீரியா இவற்றைச் சிதைக்கும்போது பியூற்றிரிக் அமிலம், ஐசோவலரிக் அமிலம் போன்ற ஆவியாகும் கொழுப்பமிலங்கள் தோன்றுகின்றன. மரப்பட்டையிலும் சிரட்டையிலும் உறைந்து, பின்னர் திரட்டப்படும் ஒட்டுப்பாலின் கொடிய நாற்றத்திற்கு இவையே காரணம்.

இங்கே கருதத்தக்க ஒற்றுமையொன்று உண்டு. மனித வேர்வை சுரக்கும்போது ஏறக்குறைய மணமற்றதே. கட்டிளமைப் பருவத்தில் அக்குளிலும் பிற இடங்களிலும் ஒருவகைச் சுரப்பிகள் செயற்படத் தொடங்குகின்றன. அவற்றின் சுரப்பைத் தோலில் வாழும் பற்றீரியா சிதைப்பதாலேயே நாற்றம் பிறக்கின்றது. அவ்வாறு பிறப்பனவற்றுள்ளும் ஐசோவலரிக் அமிலமும் அதன் இனத்தனவும் உள்ளன. வளரும் பிள்ளையின் உடல் நாற்றமும் பாலின் நாற்றமும் வேதியியல் நோக்கில் உறவினவாகும். தாயின் வேலைச் சேலையும் மகனின் பாடசாலைச் சட்டையும் ஒரே பேசினில் ஊறி ஒரே கொடியில் தொங்கும் வீட்டில், எது எதன் நாற்றம் எனப் பிரித்தறிதல் எளிதன்று.

தோட்டத்து வீடும் இதற்குத் துணைபோயிற்று. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்னுமளவிலான காம்பராவும் அதன்முன் ஒடுங்கிய இஸ்தோப்புமே குடும்பமொன்றின் குடியிருப்பு. குளிப்பும் துவைப்பும் பல குடும்பத்திற்கும் பொதுவான பீலிக்கரையில். பால்வெட்டுவோரின் வேலைநாள் அதிகாலையில் தொடங்குவதால் துவைப்புக்கு வாய்க்கும் நேரம் பிற்பகலே. சப்பிரகமுவவில், சிறப்பாகப் பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட மாதங்களில், இடிமழை பெய்யும் நேரமும் பிற்பகலே. துவைத்த துணியை வெளியில் விரிக்க வழியின்றி, அடுப்பின்மேல் கட்டிய கொடியில் உலர்த்துவர். அரைகுறையாய் உலர்ந்த துணியில் பற்றீரியா மீண்டும் பெருகும். ஈரத்துணியின் நாற்றத்திற்கு மொறக்செல்லா என்னும் இனம் காரணமாவதை யப்பானிய ஆய்வாளர் 2012இல் வெளிப்படுத்தினர். துவைத்து உலர்ந்து மணமற்றிருந்த சட்டை அணிந்த அரைமணி நேரத்தில் மீண்டும் நாறுவதன் மருமம் இதுவே: கிருமி துணியிலேயே தங்கியிருந்து, உடலின் ஈரமும் சூடும் பட்டவுடன் விழித்தெழுகின்றது.

அடுப்புப் புகையின் பங்கும் இத்தகையதே. இறப்பர்த் தகடுகளைப் பூஞ்சணம் பிடியாதபடி புகைக்கூடத்தில் உலர்த்துவது தொழின்முறை. தகட்டுக்குப் புகை தரம் சேர்த்தது. அதே விறகின் புகை தொழிலாளியின் சட்டையிற் படிந்தபோது இழிவு சேர்த்தது. இன்னுமொரு முரணும் உண்டு. 1823இல் கிளாஸ்கோவில் சாள்ஸ் மக்கின்ரொஷ் இறப்பரைத் துணியிற் பூசி, நீர்புகா மழையங்கி செய்யும் உரிமம் பெற்றார். உலகத்தாரின் உடையை மழையிலிருந்து காத்த பொருள், அதனைத் தந்தவரின் உடையைக் கறுத்துத் தடித்த கறையாகப் பற்றிக்கொண்டது.

சாதியின் இடத்தையும் இங்கு மறத்தலாகாது. கங்காணிமாரின் தலைமையில் குடும்பம் குடும்பமாகவும் ஊர் ஊராகவும் மக்கள் வந்தபோது வண்ணாரும் நாவிதரும் உடன்வந்தனர். பூப்பு, இறப்பு ஆகிய சடங்குகளில் மாற்றுத்துணி கொடுக்கும் வண்ணாரின் உரிமையும் கடமையும் தோட்டத்திலும் தொடர்ந்தன. ஆர். ஜெயராமன் 1975இல் வெளியிட்ட நூல், தோட்டங்களில் சாதி எவ்வாறு நீடித்தது என்பதை ஆராய்கின்றது. தமிழகத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு ஊர் வண்ணார் வெளுப்பதில்லை; அவர்க்கெனப் புதிரை வண்ணார் என்ற பிரிவினரே இருந்தனர். தோட்ட மக்களுட் பெரும்பான்மையினர் இவ்வாறு ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவராதலின், வெளுப்பென்பது அவர்களுட் பலருக்கு ஒருபோதும் பிறர் செய்து தரும் பணியாக இருக்கவில்லை. அது வீட்டுப் பெண்ணின் தலையில் விழுந்த மற்றொரு வேலையாயிற்று. ஆணோடு ஒத்த வேலைநாளை முடித்து வந்த பெண், கூலியில்லாத இவ்வேலையைத் தொடங்கினாள். நூற்றாண்டுக் காலமாகத் தோட்டத்தின் சலவைக் கணக்கு செக்ரோலில் ஏறாத கணக்காகவே இருந்தது.

சவர்க்காரத்தின் வருகை இந்நிலையை ஓரளவு மாற்றியது. இங்கிலாந்தின் லீவர் சகோதரர் 1884இல் சன்லைற்றையும் 1894இல் லைவ்போயையும் சந்தைக்குக் கொணர்ந்தனர். 1938இல் அந்நிறுவனம் கொழும்பிலேயே உற்பத்தியைத் தொடங்கியது. பெருந்தோட்டத்தில் விளைந்த தேங்காயெண்ணெய் சவர்க்காரமாகித் தோட்டத்துக் கடைக்கே திரும்பி வந்தது. ஆனால் சவர்க்காரத்தோடு ஒரு புதிய கருத்தும் வந்தது. 1920களிலும் 1930களிலும் அமெரிக்க விளம்பரங்கள் உடல் நாற்றத்தை, நண்பரும் சொல்லத் தயங்கும் குற்றமாகச் சித்திரித்தன. அவை பிடித்துக்கொண்ட உளவியல் உண்மை ஒன்றுண்டு: தொடர்ந்து முகரும் மணத்திற்கு மூக்கு பழகிப்போவதால், தன் உடையின் நாற்றத்தை அணிந்தவர் உணர்வதில்லை. பிறர் முகம் சுளிப்பதைக் கொண்டே அறிகின்றார். ஆகவே நாற்றத்தின் முதல் அறிவிப்பே அவமானமாக அமைந்துவிடுகின்றது.

இவ்வவமானம் கூர்மையடைந்த களம் பாடசாலை. முன்னர் தோட்டப் பிள்ளைகள் தோட்டத்துப் பாடசாலையில் தம்மையொத்த பிள்ளைகளோடு சில வகுப்புகள் படித்து, இளவயதிலேயே வேலைக்குப் பெயர் பதிந்தனர். எல்லோர் உடையிலும் ஒரே மணம் இருந்தவிடத்து எவரும் அதனைப் பேசவில்லை. 1970களின் பிற்பகுதியிலிருந்து தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியபின், இடைநிலைக் கல்விக்காக நகரத்துப் பாடசாலைக்குப் பேருந்தேறும் பிள்ளைகள் பெருகினர். 1993 முதல் அரசு இலவசச் சீருடைத் துணி வழங்கியது. உடையின்மையால் கல்வி தடைப்பட்ட பிள்ளைக்கு அது பேருதவி என்பதில் ஐயமில்லை. எனினும் வெள்ளைச் சட்டை கறையையும் மங்கலையும் மறைக்காத உடை. 1977இன் திறந்த பொருளாதாரத்தின் பின் செயற்கையிழைத் துணிகளும் கலப்புத் துணிகளும் மலிந்தன. இவை விரைவில் உலரும், சுருங்கா, நீடித்துழைக்கும். ஆயினும் 2014இல் பெல்ஜியத்தின் கென்ற் பல்கலைக்கழக ஆய்வாளர், பருத்தியினும் பொலியெஸ்ரர் துணியே வேர்வை நாற்றத்தை மிகுதியாகக் கொள்வதையும், மைக்குரோகொக்கசு என்னும் பற்றீரியா அதில் நன்கு வளர்வதையும் கண்டறிந்தனர். இச்செயற்கையிழை நீரை ஏற்காது எண்ணெய்ப்பசையை ஏற்கும் இயல்பினது. வேர்வையின் நெய்ப்பகுதி அதிற் பற்றிக்கொண்டால் குளிர்நீரும் சவர்க்காரமும் மட்டும் அதனை எளிதில் அகற்றா.

இக்கட்டுரையாளரின் வகுப்பில் எட்டியாந்தோட்டைப் பக்கத்திலிருந்து வந்த மாணவனொருவன் இருந்தான். ஆசிரியரொருவர் அவனைச் சன்னலோரம் தனியே அமர்த்தினார், காரணம் கூறவில்லை, கூற வேண்டியும் இருக்கவில்லை. அவன் விடியற்காலையில் தாயோடு மலைக்குச் சென்று ஒட்டுப்பால் பிரித்துக் கொடுத்துவிட்டே பாடசாலைக்கு வந்தான் என்பதை நாங்கள் பின்னரே அறிந்தோம். அடுத்த தவணைக்கு அவன் வரவில்லை. ஒரு சட்டையின் நாற்றத்தால் ஒரு பிள்ளையின் கல்வி முடிந்தது என்று கூறுவது மிகையாகலாம். வறுமையும் தூரமும் உடன்நின்றன. எனினும் அவன் தாய் அச்சட்டையை எத்தனை முறை துவைத்திருப்பாள் என்பதை அன்று எங்களில் ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இது நமது தோட்டங்களுக்கு மட்டுமுரிய அனுபவமன்று. 1937இல் வெளிவந்த நூலொன்றில் ஜோர்ஜ் ஓர்வெல், உழைக்கும் மக்கள் நாறுவர் என்று இங்கிலாந்தின் நடுத்தர வகுப்பார் சிறுவயதிலேயே கற்பிக்கப்பட்டதை வெளிப்படையாக எழுதினார். வர்க்க வேறுபாட்டின் மிக ஆழமான வேர் மூக்கில் இருப்பதை அவர் உணர்ந்திருந்தார். அதே நாட்டில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் கரிபடிந்த உடையோடு வீடு திரும்ப, மனைவியர் நீர் காய்ச்சிக் குளிப்பாட்டி உடை துவைத்து வந்தனர். 1920இல் தொழிலாளர் நலநிதி ஏற்பட்டது. 1926ஆம் ஆண்டுச் சட்டம் சுரங்க உரிமத் தொகையின்மீது வரிவிதித்து, சுரங்க வாயிலிலே குளியலறைகள் கட்ட வழிசெய்தது. அழுக்குத் தொழிலினுடையது, ஆதலால் அதனைக் கழுவும் செலவும் தொழிலினுடையதே என்ற கொள்கை அங்கு சட்டமாயிற்று. நம் தோட்டங்களிலோ 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டமும், அடுத்த ஆண்டுகளில் றொக்பெல்லர் நிறுவனத்தின் துணையோடு நடந்த கொளுக்கிப்புழு ஒழிப்பு முயற்சியும் உடல்நலத்தைக் கருதின; மலசலகூடங்கள் கட்டப்பட்டன. வேலையுடையை வேலைத்தலத்திலேயே மாற்றிக் கழுவிச் செல்லும் வசதி ஒரு பொதுவிதியாக வளரவில்லை. 1975இல் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992இல் முகாமை கம்பனிகளிடம் சென்றபோதும் துவைப்பு வீட்டுப் பெண்ணின் கடமையாகவே எஞ்சியது.

பழைய வெளுப்பின் அறிவையும் புதிய அறிவியலையும் ஒருசேர நோக்கின், இன்றைய வீட்டுக்கும் சில தெளிவுகள் கிட்டுகின்றன. முதலாவது, பால்பட்ட உடையையும் பாடசாலை உடையையும் வெவ்வேறாக ஊறவைத்தல். பால்பட்ட இடத்தை உறையுமுன் குளிர்நீரில் அலச வேண்டும். நாற்றம் போக்குமென்று அதில் எலுமிச்சையோ வினாகிரியோ இடுதல் தவறு. ஸ்டோரில் போமிக் அமிலம் பாலை உறையவைப்பது போலவே இவையும் உறையவைக்கும். உறைந்த கறையை மண்ணெண்ணெய் இளக்கும். ஆனால் தன் மணத்தை விட்டுச்செல்லும். இரண்டாவது, வேர்வை நாற்றம் ஏறிய சட்டைக்கு உவர்மண்ணின் இடத்தைச் சலவைச் சோடா நிரப்பும். சட்டையை உட்புறம் வெளியாகத் திருப்பி, சோடா கரைத்த சூடான நீரில் ஒருமணி நேரம் ஊறவிட்டு, அக்குட்பகுதியைத் தேய்த்து, பின்னரே சவர்க்காரமிட வேண்டும். குளிர்நீர் பாலுக்கு, சூடும் காரமும் வேர்வைக்கு. மூன்றாவது, கழற்றிய உடையைச் சுருட்டி வைத்தலாகாது. துவைத்ததைச் சவர்க்காரம் எஞ்சாதபடி அலசி, அன்றே முற்றும் உலரச் செய்தல் வேண்டும். இம்மூன்றாவதே சப்பிரகமுவவில் அரியது. மழைபடாது காற்றுவரும் கூரையொன்று பீலிக்கரையில் அமைந்தால், அது ஒரு பெட்டிச் சவர்க்காரத்தினும் மிகுந்த பயன் தரும்.

மேற்கூறியவற்றால் ஒன்று தெளிவாகும். தோட்டத்துப் பிள்ளையின் சட்டையில் எஞ்சிய நாற்றம் தாயின் சோம்பலைக் காட்டுவதன்று. உவரில்லா மண், பிற்பகல் மழை, ஒற்றைக் காம்பரா, கூலியில்லாத் துவைப்பு, செயற்கையிழைத் துணி, பாலின் அமிலம் ஆகிய அனைத்தும் அதிற் சேர்ந்திருக்கின்றன. இவ்வரலாறு தோட்டக் கணக்கேடுகளில் இல்லை. எந்த மரத்துச் சாம்பல் நன்கு வெளுக்கும், எந்தப் பீலியில் எவர் துவைக்கலாம் என்றிருந்தது, 1977இலும் 1983இலும் வன்செயலுக்கு அஞ்சி ஓடியபோது கையில் எடுத்த மாற்றுடை எது என்பனவற்றை முதிய பெண்களே அறிவர். அவர்களுட் பலர் நம்மிடையே நெடுங்காலம் இருக்கப்போவதில்லை. சப்பிரகமுவவிலிருந்து பல்கலைக்கழகம் புகும் மாணவர் விடுமுறையில் வீடு செல்லும்போது, தம் பாட்டிமாரிடம் துவைப்பைப் பற்றிக் கேட்டெழுதுவாராயின், எந்த ஆணைக்குழு அறிக்கையிலும் இல்லாத வரலாறொன்று நமக்குக் கிடைக்கும். அவ்வாறு கேட்கும் பிள்ளை, தான் அணிந்து வந்த வெள்ளைச் சட்டையின் பின்னால் எத்தனை பிற்பகல்கள் இருந்தன என்பதையும் அறிந்துகொள்ளும்.